துயரில் தளராப் பற்று: பெருமாள் திருமொழியின் விற்றுவக்கோட்டுத் திருமொழியில் உவமைகள் காட்டும் இறையன்பு

ஆய்வுச்சுருக்கம்

துன்பம் வரும்போது இறைவனின் அன்பை நம்புவது எவ்வாறு என்னும் வினாவிற்குச் சமய இலக்கியங்கள் பலவாறு விடை தருகின்றன. துன்பத்தை இறைவன் வைக்கும் சோதனையாகக் கொண்டு, அதன் பயனைக் கூறித் தேற்றுவது அவற்றுள் பரவலான ஒன்று. குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழியாக அமைந்த விற்றுவக்கோட்டுப் பாசுரங்கள் இவ்விடையைப் பெரிதும் சாராமல் வேறொரு வழியில் செல்கின்றன. அங்குள்ள ஒன்பது உவமைகளையும் வகைப்படுத்தி, துயருக்குக் காரணம் கிடைக்காதபோதும் பற்று நிலைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குலசேகராழ்வார், பெருமாள் திருமொழி, விற்றுவக்கோடு, உவமை, சரணாகதி, துயர்.

முன்னுரை

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் இடம்பெறும் பெருமாள் திருமொழி 105 பாசுரங்களைக் கொண்டது. இதனை இயற்றிய குலசேகரர் சேர மன்னராக இருந்து ஆழ்வாராகப் போற்றப்பெற்றவர். இவர் பாடிய தலங்களுள் ஒன்றான விற்றுவக்கோடு, இன்றைய கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் திருமிற்றக்கோடு என வழங்குகிறது. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடிய ஐந்தாம் திருமொழியில் 10 பாசுரங்கள் உள்ளன. முதல் ஒன்பது பாசுரங்களும் பாசுரத்திற்கு ஓர் உவமையாக ஒன்பது உவமைகளைத் தருகின்றன. பத்தாவது, ஓதுவார்க்குரிய பயனைக் கூறி முடிக்கிறது.

துயரைத் தருபவர் யார்?

முதற் பாசுரம் துயரைப் பற்றிய பேச்சுடனேயே தொடங்குகிறது. ஆயின் அத்துயரைத் தருபவர் எவர் என்பதை அது வெளிப்படையாகச் சுட்டவில்லை. இறைவன் துயரைத் தடுக்காவிட்டால் என்ற அளவிலேயே கூற்று நிற்கிறது. நான்காம் பாசுரத்தில் இத்தயக்கம் நீங்குகிறது. மீளாத துயரைத் தருபவனாக விற்றுவக்கோட்டு இறைவனே அங்கு நேரடியாகக் குறிக்கப்பெறுகிறான். இடைப்பட்ட பாசுரங்களிலும் குறை அடுக்கப்படுகிறது. ஆட்கொள்ளாவிட்டாலும், தன்பால் நோக்காவிட்டாலும் என இறைவனின் புறக்கணிப்பு ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படுகிறது.

இம்முறையீடு எவரிடம் வைக்கப்படுகிறது என்பது கருதத்தக்கது. குறை கூறப்படுபவனிடமே குறை கூறப்படுகிறது. இறைவனைப் பற்றிப் பிறரிடம் புலம்பும் கூற்று இத்திருமொழியில் இல்லை. பாசுரந்தோறும் விளி அமைந்து, உறவு அறுபடாமல் முறையீடு தொடர்கிறது. முதல் உவமையில் சினந்து விலக்கிய தாயை நினைந்தே குழந்தை அழுகிறது. அழுகை நம்பிக்கையின்மையின் அடையாளமாக இங்குக் கொள்ளப்படவில்லை. தாயின் அருளை மறவாமையின் வெளிப்பாடாகவே அது நிற்கிறது. துன்பத்தில் அழுவோர் நம்பிக்கை குறைந்தவர் என்னும் பொதுக் கருத்தை இவ்வோர் உவமையே மறுக்கிறது.

மாந்த உறவு சார்ந்த உவமைகள்

முதல் நான்கு உவமைகளும் மாந்த உறவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. விலக்கிய தாயும் குழந்தையும், கண்டோர் இகழத்தக்கவை செய்யும் கணவனும் மனைவியும், துயரம் செய்யும் வேந்தனும் குடிகளும், அறுத்துச் சுடும் மருத்துவனும் நோயாளியும் என அவை அமைகின்றன.

இவற்றுள் மருத்துவன் உவமையே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. வலி இங்கு நோய் தீர்க்கும் வழியாகிறது; துயருக்குப் பயன் உண்டு என்னும் ஆறுதலும் கிடைக்கிறது. ஆனால் ஒன்பது உவமைகளுள் இவ்வாறு துயரின் பயனை வெளிப்படையாக உணர்த்துவது இது ஒன்றே. கணவனின் இழிசெயலால் மனைவிக்கு நன்மை விளைவதாக ஆழ்வார் கூறவில்லை. வேந்தன் செய்யும் துயரம் குடிகளைப் பண்படுத்தும் என்றும் கூறவில்லை. ஆகவே, இத்திருமொழியின் நம்பிக்கைக்குத் ‘துன்பம் நன்மைக்கே’ என்னும் விளக்கத்தை அடித்தளமாகக் கொள்வது ஓர் உவமையை ஒன்பதாக விரிப்பதாகும். விளக்கம் கிடைக்கும் இடத்திலும் கிடைக்காத இடத்திலும் பற்று மாறாதிருக்கிறது என்பதே உவமைகளின் தொகுப்பு உணர்த்தும் பொருள்.

குறளின் இணையும் ஆழ்வாரின் மாற்றமும்

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் இரண்டாம் குறள், உலகம் மழையை நோக்கி வாழ்வதையும் குடிகள் மன்னனின் கோலை நோக்கி வாழ்வதையும் இணைத்துக் கூறுகிறது. ஆழ்வாரின் திருமொழியில் இவ்விரண்டும் தனித்தனியே வருகின்றன. மூன்றாம் பாசுரத்தில் கோல் நோக்கி வாழும் குடிகளும், ஏழாம் பாசுரத்தில் முகிலை நோக்கி நிற்கும் பயிரும் உவமைகளாகின்றன.

குறளில் கோலும் மழையும் உயிர்களைக் காக்கும் நிலையில் பேசப்படுகின்றன. ஆழ்வாரிடம் இரண்டும் பொய்த்த நிலையில் வருகின்றன. வேந்தன் குடிகளை நோக்காமல் துயரம் செய்கிறான். வானம் பெய்ய மறந்துவிடுகிறது. அப்போதும் குடிகளின் பார்வையும் பயிரின் காத்திருப்பும் திசைமாறவில்லை. காவல் கிடைக்கும் காலத்துச் சார்பைக் குறள் உரைக்க, காவல் தவறிய காலத்துச் சார்பை ஆழ்வார் உரைக்கிறார் எனலாம். மன்னராக இருந்த ஒருவர் கொடுங்கோலின்கீழ் வாழும் குடியாகத் தம்மை வைத்துப் பேசுவது இவ்வுவமைக்குக் கூடுதல் வலிமை சேர்க்கிறது.

இயற்கை சார்ந்த உவமைகள்

ஐந்தாம் உவமை மாந்த உறவுகளிலிருந்து இயற்கைக்குச் செல்லும் இணைப்பாக உள்ளது. நடுக்கடலில் கலத்தின் கூம்பிலிருந்து பறந்த பறவை, எங்கும் கரை காணாமல் அக்கூம்பிற்கே மீள்கிறது. பறவை வேறிடம் தேடிப் பார்த்தது என்பதை ஆழ்வார் மறைக்கவில்லை. தேடிப் பார்த்தபின் திரும்பும் பற்றும் பற்றே என்பது இதனால் பெறப்படுகிறது.

அடுத்து வரும் தாமரை, தீயே வந்து வெம்மை தந்தாலும் அலராமல் கதிரவனுக்கே அலர்கிறது. பயிர் முகிலையே பார்க்கிறது. ஆறுகள் எங்கெங்கோ பரந்து ஓடினும் கடலிலேயே புகுகின்றன. குழந்தையும் மனைவியும் குடியும் மனத்தின் உறுதியால் பற்றி நிற்க, தாமரையும் ஆறும் தம் இயல்பினால் அவ்வாறு நிற்கின்றன. உறுதியாகத் தொடங்கிய பற்று இயல்பாக முதிர்வதை உவமைகளின் வரிசை காட்டுகிறது. வேறு புகலின்மையாகிய இந்நிலையை வைணவ மரபு அநந்யகதித்துவம் என வழங்கும்.

ஒன்பதாம் உவமை இவ்வரிசையின் முடிநிலை. இறைவனையே விரும்பிச் செல்வத்தை வேண்டாதவனை அச்செல்வம் தானே விரும்பிச் சென்றடையும். இங்கு ஆழ்வார் தம்மை அவ்வடியவனோடு ஒப்பிடவில்லை. அவனால் வேண்டப்படாத செல்வத்தோடு ஒப்பிடுகிறார். தாம் விரும்பப்படுகிறோமா என்னும் வினாவைக் கடந்து விரும்பி நிற்கும் நிலை இது.

கூற்றின் எல்லை

இவ்வுவமைகளை இன்று வாசிக்கும்போது ஒரு தடை எழுவது இயல்பு. இழிசெயல் புரியும் கணவனைப் பொறுத்துக்கொள்ளவும் கொடுங்கோலனுக்குப் பணியவும் இவை அறிவுறுத்துகின்றனவா என்பதே அது. உவமையில் வரும் மனைவியும் குடியும் அக்காலச் சமூக மதிப்பீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்பதை மறுக்க இயலாது. எனினும் பாசுரங்களின் கூற்றுமுறை இங்கு முதன்மையானது. ஒன்பது பாசுரங்களும் தன்மைக் கூற்றாக அமைந்தவை. துயருறும் வேறொருவரை நோக்கிப் ‘பொறுத்துக்கொள்’ என்னும் ஏவல் எதிலும் இல்லை. ஒருவர் தம் துயரின் நடுவே இறைவனிடம் கூறும் சொல்லைப் பிறருடைய துயருக்கு அறிவுரையாக மாற்றினால் அதன் பொருள் திரிந்துவிடும். இறைவன் மீதுள்ள பற்றைக் கூற வந்த உவமைகளை மாந்தர் செய்யும் கொடுமைகளுக்குச் சான்றாகக் காட்டுவதும் அத்தகைய திரிபே.

முடிவுரை

விற்றுவக்கோட்டுத் திருமொழி துயரை மறுக்கவோ சிறுமைப்படுத்தவோ இல்லை. துயர் நீங்கிவிட்டது எனக் கூறி முடியவும் இல்லை. இறைவன் தம்மை வேண்டாவிட்டாலும் வேறு பற்றில்லை என்னும் நிலையையே இறுதிப் பாசுரமும் நினைவூட்டுகிறது. துயரின் காரணம் விளங்குவதும் துயர் தீர்வதும் இங்குப் பற்றுக்கு நிபந்தனைகள் ஆகவில்லை. அழும் குழந்தைக்கும் கரை தேடி மீண்ட பறவைக்கும் இப்பற்றில் இடமுண்டு. சோதனைக் காலத்து நம்பிக்கையை அசையாத மன அமைதியாக மட்டும் காணும் பார்வையை, அழுகையையும் தேடலையும் முறையீட்டையும் உள்ளடக்கியதாக விரிக்க இத்திருமொழி வழிவகுக்கிறது.