துரத்தியவரை மீட்கும் டிர்க் வில்லெம்ஸ்
யான் லாய்கன் (1649–1712), செப்புத்தகட்டுப் பொறிப்பு, ஆம்ஸ்டர்டாம், 1685

வயது வந்தபின் விரும்பிப் பெறும் திருமுழுக்கே செல்லும் என்று நம்பியதற்காக 16ஆம் நூற்றாண்டில் வேட்டையாடப்பட்ட அனபாப்டிஸ்டுகளின் துயரங்களைத் தொகுத்துரைக்கும் ‘மறைசாட்சிகளின் கண்ணாடி’ என்னும் டச்சு நூலின் இரண்டாம் பதிப்புக்காக, மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோடுகளை அமிலத்தால் அரிக்கச்செய்து அச்சிடும் முறையில், லாய்கன் ஆக்கிய 104 படங்களுள் இது ஒன்று. அவர்களுள் ஒருவராய், சிறையிலிருந்து தப்பியோடிய டிர்க் வில்லெம்ஸ், தம்மைத் துரத்திவந்து, உடைந்த பனிக்கட்டியினூடே நீரில் விழுந்தவரைத் திரும்பிவந்து கைதூக்கிவிடுகிறார். அதனாலேயே பிடிபட்டு, 1569 மே 16 அன்று ஆஸ்பெரெனில் உயிரோடு எரிக்கப்பட்டார். தொகுப்பின் பிற படங்கள் பலவற்றில் தீயும் வதைக்கருவிகளும் நிறைந்திருக்க, இங்கே கொலைக்களம் காட்டப்படாததே இதனை மிகப் பரவலாக அறியப்பட்ட படமாக்கியது எனலாம். மூலத் தகடுகளுள் ஒரு பகுதி இன்றும் எஞ்சியுள்ளது.