வேலியோரப் படங்கள்

மன்னார்த் தீவிலே காணத்தக்கவை யாவை என்று வினவினால், பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் தலைமன்னார் இறங்குதுறையையும் எவரும் சொல்லிவிடுவர். அவற்றைப் படம் பிடித்தோர் எண்ணிலர். கடலில் ஞாயிறு மறையும் படங்களோ, அன்பர்கள் பொறுத்தருள வேண்டும், எனக்குச் சலித்தே விட்டன.

எருக்கலம்பிட்டியிற் பிறந்த நண்பர் ஒருவர் புத்தளத்தில் வாழ்கிறார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இத்தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். உடுத்த துணியும் சிறு மூட்டையுமாகப் போனவர்களிடம் நிழற்படத் தொகுப்பு ஏது? கைத்தொலைபேசி வழியே அவர் என்னிடம் கேட்பது பெருக்கமரத்தையன்று; பனையோலை வேலி, கிணற்றடி, ஒழுங்கையில் அசையாது நிற்கும் கழுதை ஆகியவற்றையே. மன்னார்க் கழுதைகள் பிறருக்கு வேடிக்கை, அவருக்கோ ஊரார்.

வாரந்தோறும் நான்கைந்து படங்கள் அனுப்பி வருகிறேன். அவற்றில் இடத்தை இனங்காண்பது எளிதன்று. 1990 இல் நின்ற புகையிரதம் 2015 இல் மீண்டும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியது. 2020 இல் தென்கரையிலே முப்பது காற்றாலைகள் எழுந்துவிட்டன. அவை தெரியும் படமொன்றைக் கண்டு, “இது எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டார். அதன்பின் ஒவ்வொரு படத்தின் கீழும் நாளையும், நான் நோக்கிய திசையையும் எழுதுகிறேன்.

சென்ற வாரம் புதர் மண்டிய கிணறொன்றின் படத்தை அனுப்பினேன். அரைமணிக்குள் மறுமொழி வந்தது: “அந்தத் தண்ணீர் உவர்க்காது. இப்போதும் அப்படியா என்று குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.”