காற்று ஓடிவிடும், தரை ஓடாது

சிங்கப்பூருக்குப் பறந்துவரும் ஃபின்ஏர் ஏ350 விமானங்களின் தாயகம், ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி. குளிர்காலத்தில் அங்கு வெப்பநிலை -10 டிகிரி செல்சியசுக்கு இறங்கும் நாள்கள் உண்டு. விரல்கள் விறைத்துப்போனால் திருகாணியைச் சரியாக முடுக்க முடியாது. பசையும் சாயமும் ஒழுங்காகக் காயாது. ஆகவே, குளிர்நாடுகளில் விமானப் பராமரிப்புக் கூடங்களைச் சூடாக்கியே ஆக வேண்டும்.

அதற்கு எவ்வளவு ஆற்றல் தேவை? கணக்கிட்டுப் பார்ப்போம். ஏ350-900 விமானத்தின் இறக்கைகள் முனைக்கு முனை ஏறத்தாழ 65 மீட்டர். வாலின் உயரம் 17 மீட்டர். அது நுழைய 100 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், 25 மீட்டர் உயரமுள்ள கூடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 200,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் பொருண்மை சுமார் 1.2 கிலோகிராம். அப்படியானால் உள்ளே இருப்பது 240 டன் காற்று! அதை -10 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 6,000,000 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் மின்கெண்டி ஒரு மாதத்துக்கு மேல் இரவு பகலாக இயங்குவதற்குச் சமம் அது.

இத்தனை செலவழித்த பிறகு, விமானத்தை உள்ளே கொண்டுவரக் கதவைத் திறக்கிறார்கள். அடர்த்தி மிகுந்த குளிர்காற்று கீழே புகுகிறது. சூடான காற்று மேற்புறமாக வெளியேறிவிடுகிறது. கதவு மூடியிருந்தாலும் வெப்பச் சலனத்தால் சூடான காற்று கூரையடியில் தேங்குகிறது. ஊழியர்கள் நிற்பதோ தரையில்!

எனவே, காற்றைவிடத் தரையைச் சூடாக்குவதே சிக்கனம். தரைக்கு அடியில் குழாய்களைப் பதித்து வெந்நீரை ஓடவிடலாம். அல்லது, கூரையில் அகச்சிவப்புச் சூடேற்றிகளைத் தொங்கவிடலாம். வெப்பக் கதிர்வீச்சு, இடையிலுள்ள காற்றை அதிகம் சூடாக்காமல் தரையையும் ஆட்களையும் நேராக வந்தடையும். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தரை, ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் அந்தக் கூடத்துக் காற்றைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு வெப்பத்தைச் சேமிக்கும். கதவு திறந்தாலும் தரை ஓடிவிடாது. மூடியதும் கூடம் விரைவில் கதகதப்பாகும்.

கூரையடியில் தேங்கிய வெப்பத்தைப் பெரிய மின்விசிறிகளால் கீழே தள்ளலாம். கதவைத் தேவையான அளவு மட்டும் திறந்து, உடனே மூடுவதும் உதவும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள்: குளிர்சாதன அறையின் கதவைச் சற்றே திறந்து, மெல்லிய காகிதத் துண்டை இடைவெளியின் மேலும் கீழும் பிடியுங்கள். அது எந்தப் பக்கம் அசைகிறது? ஏன்?