போர்ட் சுவெட்டன்ஹாமின் வருஷக் கணக்கு

இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் இடம் 1972ஆம் வருஷம் வரையில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே வழங்கி வந்தது. அங்கே என்ன ஏறிற்று, என்ன இறங்கிற்று, அதன் கிரயம் எத்தனை வெள்ளி என்று சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஆண்டுதோறும் எழுதி வைத்த கணக்கு, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வறண்ட எண்களின் வரிசையாகத் தோன்றினாலும், கோலாலம்பூரும் கிள்ளானும் எவ்வாறு வளர்ந்தன என்பதையும், நம் முன்னோர் இங்கே எதற்காகக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதையும் பட்டவர்த்தனமாகச் சொல்லக் கூடியது.

துறை பிறந்ததற்கு மூல காரணம் ஈயம். கோலாலம்பூரைச் சுற்றியிருந்த லம்பங்கள் என்னும் ஈயச் சுரங்கங்களின் ஈயமண்ணைக் கடலுக்குக் கொண்டுபோக 1886இல் புக்கிட் கூடா வரையில் ரயில் போட்டார்கள். கிள்ளான் ஆற்றுக்குப் பாலம் கட்டி 1890இல் அந்த ரயிலைக் கிள்ளான் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய கப்பல்கள் ஆற்றில் ஏறி வருவது கஷ்டமென்று கண்டு, ஆறு கடலோடு சேரும் சதுப்பு நிலத்திலேயே புதிய துறை அமைக்கத் தீர்மானித்து, 1899இல் தண்டவாளத்தை அதுவரைக்கும் நீட்டினார்கள். 1901 செப்டம்பரில் துறை திறக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் மலேரியா ஜுரம் அதை வளைத்துக் கொண்டது. கொசுவினாலேயே அந்நோய் பரவுகிறதென்பதற்கு ரொனால்டு ராஸ் இந்தியாவில் ஆதாரம் கண்டு நான்கு வருஷமே ஆகியிருந்த அக்காலத்தில், கிள்ளானில் வைத்தியராக இருந்த மால்கம் வாட்சன் அந்த ஞானத்தை நம்பி, காட்டை வெட்டுவித்து, வாய்க்கால் தோண்டிச் சதுப்பை வடியச் செய்தார். துறை பிழைத்தது.

ஈயமண் என்பது கறுத்த மணல். ஒரு கைப்பிடி அள்ளினாலே அதன் கனம் தெரியும். நன்றாகக் கழுவியெடுத்ததில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் ஈயமே. பிக்குல் கணக்கில் நிறுத்து, சுங்கம் செலுத்தி அனுப்பிய இம்மணல், சிங்கப்பூரை அடுத்த புலாவ் பிரானித் தீவில் ஸ்டிரெயிட்ஸ் டிரேடிங் கம்பெனியாரின் உலைகளில் உருக்கப்பட்டு, சிங்கப்பூர்ச் சரக்காகவே மேல்நாடுகளுக்குப் போயிற்று. சிலாங்கூர் மண்ணின் சம்பத்து இவ்விதம் வேறோர் ஊரின் பெருமையாகப் பேசப்பட்டதை நினைக்கும்போது இன்றும் என் மனம் ஒப்புவதில்லை.

அடுத்து வந்தது ரப்பர். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் பெருகி விலை சரிந்தபோது, கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டன. 1910இல் லண்டனில் ராத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்ற அந்தச் சரக்கு, விடியுமுன் பால்மரத்தடிக்குப் போன தமிழர் வாளியில் சேர்த்த பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து அழுத்தி, புகைக்கூட்டில் தொங்கவிட்டுப் பழுப்பேறிய ஷீட்டுகளாகத் துறைக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சரக்குகளைத் துறைக்குக் கொண்டுவந்த ரயில்வேயில் உழைத்த இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் குடியிருந்த குவார்ட்டர்ஸுகளால் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது.

இறக்குமதியில் முதலிடம் அரிசிக்கு. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வந்தாலொழிய லம்பத்திலும் தோட்டத்திலும் அடுப்பு எரியாது. முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் அந்த வரத்துக் குறைந்து விலை ஏறியபோது, சர்க்காரே நஷ்டத்துக்கு அரிசி விற்க நேர்ந்தது. துணி, இரும்புச் சாமான், அபின் எல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.

சரக்குக் கணக்கில் சேராத இறக்குமதி ஒன்று உண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கு வழியாக இங்கே வந்து, நோய்த்தடுப்பு முகாமில் தங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்ற நம் ஜனங்கள் வேறொரு புத்தகத்தில் எண்ணப்பட்டார்கள். இரண்டு புத்தகங்களையும் அருகருகே விரித்துப் படித்தாலன்றி உண்மை விளங்காது என்பது என் துணிபு. ரப்பர் விலை ஏறிய வருஷங்களில் கங்காணிகள் ஆள் திரட்டி வந்தார்கள். 1932இல் விலை ராத்தலுக்கு மூன்று பென்சுக்கும் கீழே போன மந்த காலத்திலோ, பல்லாயிரம் பேர் வந்த வழியே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சிய வருஷங்களைச் சுபிட்ச வருஷங்கள் என்று எழுதினார்கள்; ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி லண்டன் பங்குதாரர்களின் லாபமாயிற்றே தவிர, பால் வெட்டியவர் வீட்டுக்கு வரவில்லை.

மீண்டும் யுத்தம் மூண்டு ரப்பருக்குக் கிராக்கி ஏறிய 1941இல், கிள்ளான் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 50 காசாக இருந்த நாட்கூலியை உயர்த்த வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகளில் சேர்ந்தவை. சர்க்கார் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்திற்று. பட்டாளம் வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.