திருத்தினால் முகம் சுருங்குவது ஏன்?

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத் திருத்தம் என்பது அன்றாட அனுபவம். காய்கறிக்காரர் நம் தெலுங்கைத் திருத்துகிறார். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை அப்பாவின் இந்தியைத் திருத்துகிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பாட்டி பேரனின் தமிழைத் திருத்துகிறாள். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் கேட்பவர் முகத்தைப் பாருங்கள்! ஒருவர் சிரித்தபடி மாற்றிக்கொள்கிறார். இன்னொருவர் "நான் சொன்னதில் என்ன தப்பு?" என்று வாதாடுகிறார். மூன்றாமவர் மௌனமாகிவிடுகிறார். அதன் பிறகு அந்த மொழியில் அவர் வாயே திறப்பதில்லை.

ஒரே விதமான சொல்லுக்கு ஏன் இத்தனை விதமான பதில்? கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த நான் இதற்கு விடையை வேதாகமத்தில் தேடினேன். அங்கே கண்டதை, நம் ஐதராபாத் சமஸ்தானத்தில் வாழ்ந்த ஒரு தமிழரின் வாழ்க்கையிலும் கண்டேன். இரண்டையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு அரசர்கள்

இஸ்ரவேலின் முதல் அரசன் சவுல். போரில் பிடித்த ஆடுமாடுகளில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. அவனோ கொழுத்தவற்றைத் தப்பவிட்டான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து கேட்டபோது, கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்றான் முதலில். ஆடுகளின் சத்தம் காட்டிக் கொடுத்ததும், மக்கள்தான் பலியிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள் என்றான். கடைசியில் தவறை ஒப்புக்கொண்டான். ஆனால் அப்போதும் பெரியவர்கள் முன்னிலையில் தன்னைக் கனப்படுத்தும்படி கேட்டுக்கொண்டான். குற்றத்தைவிடக் கௌரவமே அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த அரசன் தாவீது. இவன் செய்தது இன்னும் கொடியது. பிறன் மனைவியை அபகரித்து, அவள் கணவனைப் போர்முனையில் சாகும்படி செய்தான். தீர்க்கதரிசி நாத்தான் அரண்மனைக்கு வந்து, ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னார். தாவீது கொதித்தெழுந்தான். அந்த மனிதன் நீதான் என்றார் நாத்தான். தாவீது சாக்குச் சொல்லவில்லை. பழியைப் பிறர்மேல் போடவில்லை. பாவம் செய்தேன் என்றான். அதனால் விளைவுகள் நீங்கிவிடவில்லை. அவற்றையும் அவன் சுமக்க வேண்டியிருந்தது. ஆயினும் அவன் திரும்பி எழுந்தான், சவுல் எழவில்லை.

வள்ளுவரும் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்ற அந்த அதிகாரத்தைப் படித்தால், தவறு கண்ட இடத்தில் கண்டிப்பவர்களை அரசன் ஏன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும்.

சபையிலா, வீட்டிலா?

திருத்துகிறவர் நடந்துகொள்ளும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. அப்பொல்லோ என்பவர் நல்ல நாவன்மை உடையவர். ஆனால் அவர் கற்றிருந்தது அரைகுறை. கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியர் அவருடைய பேச்சைக் கேட்டனர். கூட்டத்தில் எழுந்து குறை சொல்லவில்லை. அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு பொறுமையாக விளக்கினர். பெரிய பேச்சாளர் அந்தத் தொழிலாளிக் குடும்பத்திடம் கற்றுக்கொண்டார்.

நம்மூரில் நான் கண்டதையும் சொல்கிறேன். தமிழ் ஆராதனை ஒன்றில் வேதபாடம் வாசித்த பையன் 'ழ'கரத்தில் தடுமாறினான். பெரியவர் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே உரக்கத் திருத்தினார். சிலர் சிரித்தார்கள். அவர் சொன்ன உச்சரிப்பு சரிதான். ஆனால் பையன் மறுபடி வாசிக்க வரவேயில்லை. அதே போலத் தடுமாறிய ஒரு சிறுமியை வேறொரு அம்மாள் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு அழைத்து, முறுக்கும் கொடுத்து, அடுத்த நாள் பாடத்தைச் சேர்ந்து வாசிக்க வைத்தார். அவள் இன்றும் வாசிக்கிறாள்.

அப்படியானால் சபையில் திருத்தவே கூடாதா? கூடும். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். ஊழியத்தில் இளையவரான பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். பந்தியில் அவமானப்பட்டவர்கள் பலர். தவறு ஊரறிய நடந்ததால் திருத்தமும் ஊரறிய வந்தது. பேதுரு அப்போது என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. ஆனால் அவர் பெயரால் உள்ள இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே குறிப்பிடுகிறது.

தோர்னக்கல் பேராயர்

இந்தப் பந்திப் பிரச்சினை இருபதாம் நூற்றாண்டிலும் எழுந்தது. எழுப்பியவர் ஒரு தமிழர். 1874-இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

பிறரைத் திருத்துமுன் தாம் திருத்தம் பெற்றவர் இவர். ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால், திருநெல்வேலிச் சபை இவ்வளவு பெரிதாக இருந்தும் நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி அவரைத் தைத்தது. சாக்குத் தேடவில்லை. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அச்சங்கம் தேர்ந்துகொண்ட இடம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்னக்கல். சிக்கந்தராபாத்திலிருந்து வரங்கல் வழியாக விஜயவாடா போகும் ரயில் பாதையில் உள்ள ஊர். 1909-இல் அசரியா தாமே அங்கு வந்து, தெலுங்கு கற்று, கிராமம் கிராமமாக ஊழியம் செய்தார்.

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்தவர்கள் சுமார் 1,200 பேர். இந்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. 35 வயது அசரியா எழுந்து, ஐரோப்பிய மிஷனெரிகளின் தியாகத்தை மதித்துப் பேசினார். அதே மூச்சில், அவர்கள் இந்திய ஊழியர்களோடு சமமாகப் பழகுவதில்லை என்பதையும் சொன்னார். உயர்ந்த இடத்தில் இருந்து தரும் தயவு போதாது, நட்பு வேண்டும் என்று கேட்டார். முதுகுக்குப் பின்னால் பேசாமல் அவர்கள் மாநாட்டிலேயே பேசினார்.

கேட்டவர்கள் ஒரே மாதிரி இருக்கவில்லை. சிலர் கைதட்டி வரவேற்றார்கள். சிலர் மனம் புண்பட்டு, இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று வருந்தினார்கள். ஆனால் காலம் அந்தச் சொல்லின் பக்கம் நின்றது. சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி வைட்ஹெட் என்ற ஆங்கிலேயர் அசரியாவின் உயர்வுக்காகப் பாடுபட்டார். எதிர்ப்புகளைத் தாண்டி, 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1945 ஜனவரி 1-இல் இறக்கும்வரை தோர்னக்கல் மக்களுக்காகவே உழைத்தார்.

நம் வீட்டில்

இவர்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. திருத்தம் வரும்போது சவுல் தன் பெயரைப் பார்த்தான். தாவீது தன் செயலைப் பார்த்தான். சொன்னவர் இளையவரா, ஏழையா, அயலாரா என்று பார்க்கத் தொடங்கினால் சொன்னது காதில் ஏறாது. சொல்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. திருத்திய பிறகு அந்த மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட நமக்கு மனம் இருக்கிறதா? இல்லையென்றால் நாம் திருத்தவில்லை, தண்டிக்கிறோம்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமல்ல. அவர்கள் பேசும் தமிழில் தெலுங்கு கலக்கும், இந்தி கலக்கும். கேலி செய்தால் கலப்பு நீங்காது, தமிழ்தான் நீங்கும். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். நம் தெலுங்கை அவர்கள் திருத்தும்போது கோபப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் திருத்தத்தை எப்படி ஏற்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.