கருப்பைக்குள் இடம் பிரிப்பது யார்?

நெடுங்காடு ஊரைச் சுற்றி ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகள் என்பது புதிதல்ல. அவை வயிற்றுக்குள் இடம் பிடிக்கும் விதம்தான் வியப்புக்குரியது. செம்மறியின் கருப்பைக்கு இரண்டு கொம்புகள் உண்டு. ஒரே பக்கச் சினைப்பையிலிருந்து இரண்டு முட்டைகளும் வெளிப்பட்டால், கருக்களில் ஒன்று பெரும்பாலும் மறுபக்கக் கொம்புக்குப் போய்விடும். பசுவிடம் இது அரிது. கருவுக்குத் தானாக நகரும் உறுப்பு கிடையாது. அதைக் கொண்டுசெல்வது கருப்பைச் சுவரின் தசை. பொதுவாக ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அந்தத் தசையின் சுருக்கங்களைத் தூண்டும், புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் தணிக்கும். விதை விழக் காத்திருக்கும் நிலமாகவே கருப்பையை எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணம் போதாது. கரு உரிய இடத்தில் பதிவதற்காகக் கருப்பையே உழைக்கிறது.

சுவரில் முன்பே குறித்துவைத்த இடங்கள் இருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியானால் சுண்டெலிக்கு நான்கு கரு உண்டானாலும் பத்து உண்டானாலும் அதே இடங்களில்தான் பதியவேண்டும். ஆனால் எண்ணிக்கைக்கேற்ப இடைவெளி மாறுகிறது. தற்செயல் என்றும் தள்ள முடியாது. தற்செயல் இத்தனை சீராகப் பங்கிடாது. 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வில், எல்பிஏ3 என்ற ஏற்பி (செல்லுக்குச் சமிக்ஞை பெற்றுத்தரும் புரதம்) இல்லாத பெண் சுண்டெலிகளில் கருக்கள் தாமதமாகப் பதிந்தன. நெருக்கியடித்துக்கொண்டு, சில ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்டன. புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்ததும் தாமதம் சரியானது, நெரிசல் தீரவில்லை. பதியும் நேரமும் பதியும் இடமும் வேறுவேறு ஏற்பாடுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பன்றியில் கருவே ஈஸ்ட்ரோஜன் சுரந்து தசையோடு பேசுகிறது. ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ராடியோல் ஏற்றிய செயற்கை மணிகளைப் பன்றியின் கருப்பையில் வைத்தபோது, அது ஏற்றாத மணிகளைவிட அவை அதிக தூரம் நகர்ந்தன. உயிரற்ற மணியும் நகர்கிறது என்றால், நகர்த்துவது கருப்பைதான்.

மனிதருக்குப் பெரும்பாலும் ஒரே கருதானே, இடைவெளி எதற்கு? இடம் எல்லோருக்கும் முக்கியம். கரு மிகக் கீழே பதிந்தால் நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்து, தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். சோதனைக்குழாய் முறையில் கருவை நாமே உள்ளே வைத்தாலும் தசை சும்மா இருப்பதில்லை. கருவை வைக்கும் நேரத்தில் கருப்பையின் நிலையும் முக்கியம்: 1978 அக்டோபர் 3-இல் கொல்கத்தாவில் பிறந்த குழந்தைக்காக டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கருவை உறையவைத்து, ஹார்மோன் ஊசி போட்ட சுழற்சியைத் தவிர்த்து, பின்னொரு சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார்.  கரு வைக்கும் நாளில் சுருக்கங்கள் அதிகமிருந்த பெண்களுக்குக் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு குறைந்ததை 1998-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. புரோஜெஸ்ட்ரோன் கூடியிருந்தவர்களிடம் சுருக்கங்கள் குறைவு. அப்படியானால் மருந்தால் தசையை அடக்கிவிட்டால் போதுமா? சுருக்கத்தைத் தணிக்கும் அடோசிபன் மருந்தை 800 பெண்களிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள்; பொதுவாக எல்லோருக்கும் கொடுத்ததில் குழந்தைப் பேறு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. சுண்டெலியிலும் தசையை மிகையாகத் தளர்த்தினால் இடைவெளி கெடுகிறது. எல்லோருக்கும் ஒரே ஊசி போடுவதைவிட, யாருடைய கருப்பை அதிகம் சுருங்குகிறது என்று ஸ்கேனில் பார்த்து முடிவெடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.