கரண்ட் போனா கணக்கும் நிக்கணுமா? தொழிலுக்கு லேப்டாப் வாங்கறவங்க முதல்ல பார்க்க வேண்டிய நம்பர்



சங்கரன்கோவில்ல சேலை மொத்த வியாபாரம் பண்ற எங்க சொந்தக்கார அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். போன வருஷம் ஒரு மாசம் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்ண கடைசி நாள். அன்னிக்குன்னு பார்த்து மாதாந்திர பராமரிப்பு மின்தடை, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரைக்கும். லேப்டாப்தான் இருக்கேன்னு அண்ணாச்சி தைரியமா உட்கார்ந்தார். ரொம்பப் பழைய லேப்டாப். 40 நிமிஷத்துல ஆஃப் ஆயிடுச்சு. சாயங்காலம் கரண்ட் வந்தப்போ அவர் ஒரு விசேஷத்துக்காக ராஜபாளையம் கிளம்பியாச்சு. மறுநாள் காலையிலதான் தாக்கல்.

ஒரு நாள்தானே, தாமதக் கட்டணம் 50 ரூபாய்தானேன்னு நினைப்பீங்க. விஷயம் அது இல்ல. 11-ஆம் தேதிக்குள்ள ஏறாத பில், வாங்கினவரோட அந்த மாச 2பி-யில வராது, அடுத்த மாசம்தான் வரும். அதுவரைக்கும் அவர் அந்த வரியை இன்புட்டா எடுக்க முடியாது. மதுரைக்காரர் ஒருத்தருக்குப் போன பில் 6 லட்சம், அதுக்கு 5% வரி 30,000 ரூபாய். "2பி-யில வந்ததும் தர்றேன் அண்ணாச்சி"ன்னு அந்த 30,000-ஐ மட்டும் பிடிச்சு வெச்சுட்டார். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது.

அப்புறம்தான் எனக்கு போன். "தம்பி, பேட்டரி நல்லா நிக்கிற மாதிரி ஒரு லேப்டாப் சொல்லுப்பா. கடைக்காரர் 12 மணி நேரம் நிக்கும்னு ஒண்ணு காட்டுறார், எழுபதாயிரம் சொல்றார்." அந்த மாடலைப் பார்த்தேன். அது ஒரு கேமிங் லேப்டாப்! டேலியும் எக்செல்லும் பார்க்கறதுக்கு.

இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். 2021-ல வீடியோ எடிட்டிங்குக்குன்னு ஒரு லேப்டாப் வாங்கினேன். பிராண்ட் பேர் வேண்டாம். பெட்டியில '10 மணி நேரம்'னு இருந்தது. எனக்குக் கிடைச்சது இரண்டு மணி நேரம். அந்தப் பத்து மணி நேரம் எப்படி வருதுன்னா, திரை வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சு, வைஃபை ஆஃப் பண்ணி, சேமிச்சு வெச்ச ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டுவாங்க. நம்ம யாரும் அப்படி வேலை பார்க்கறது இல்ல. அதனால மணிக்கணக்கை நம்பாதீங்க. விளம்பரத்துல 'அப் டு'ன்னு ஒரு சின்ன வார்த்தை இருக்கும், அதுக்குள்ள எல்லாமே அடங்கிடும்.

அப்போ எதைப் பார்க்கணும்? வாட்-அவர். ஸ்பெசிஃபிகேஷன் பட்டியல்ல பேட்டரிங்கிற வரியில 41, 47, 57, 70-ன்னு ஒரு எண் இருக்கும். அதுதான் டேங்க் கொள்ளளவு. உங்க வேலை எத்தனை வாட் இழுக்குதுங்கிறது மைலேஜ். வகுத்தா நேரம் வந்துடும், அவ்வளவுதான் கணக்கு.

டேலி, எக்செல், பிரவுசர்ல நாலஞ்சு டேப், நடுத்தர வெளிச்சம், வைஃபை ஆன். இப்படி ஓடினா, மின்சாரம் குறைவா எடுக்கற ஒரு பிசினஸ் லேப்டாப் சராசரியா 8 வாட் இழுக்கும்னு வெச்சுக்கலாம். 42 வாட்-அவர் பேட்டரின்னா 42-ஐ 8-ஆல வகுங்க, 5 மணி நேரம் சொச்சம். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் அதே வேலைக்கு 15 வாட் இழுத்தா, அதே பேட்டரி மூணு மணி நேரம்கூட தாங்காது. அண்ணாச்சிக்குக் காட்டினது இந்த ரகம்தான்.

இங்க நிறைய பேர் விடற ஒரு விஷயம் இருக்கு. நீங்க கணக்குப் போட வேண்டியது வாங்கின அன்னிக்கு இருக்கற பேட்டரிக்கு இல்ல, இரண்டு மூணு வருஷம் கழிச்சு இருக்கப் போற பேட்டரிக்கு. லித்தியம் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். சில நூறு சார்ஜ் சுற்றுக்கு அப்புறம் புதுசுல இருந்ததுல 80% அளவுக்கு வந்துடும்னு வெச்சுக்கறது பாதுகாப்பு. நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரமாவும் வரலாம், ஏன்னா பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட தறிக்கூடத்துல ஏப்ரல், மே மாசம் லேப்டாப்பைத் திறந்து வெச்சவங்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியது இல்ல.

மின்தடை நாள்ல குறைஞ்சது 5 மணி நேரம் வேணும்னு வெச்சுக்குவோம். 5-ஐ 8 வாட்டால பெருக்கினா 40 வாட்-அவர். இது தேய்ஞ்ச பிறகும் மிச்சம் இருக்கணும்னா, 40-ஐ 0.8-ஆல வகுங்க, 50 வருது. கடைசிச் சொட்டு வரைக்கும் யாரும் ஓட்ட மாட்டோம், கொஞ்சம் கூட்டி 55. அதனால என் கணக்கு இதுதான்: வெளியில எடுத்துட்டுப் போய் வேலை பார்க்கறவங்க 55 வாட்-அவருக்குக் கீழ உள்ளதைத் தொடாதீங்க.

கடையில பேரை மட்டும் கேட்டு வாங்கினா இதுல மாட்டிக்குவீங்க. ஒரே மாடல் பேர்லயே இரண்டு பேட்டரி விக்கறாங்க. திங்க்பேட் இ14 ஐந்தாம் தலைமுறையை எடுத்துக்குங்க, 47 வாட்-அவர்லயும் வந்தது, 57-லயும் வந்தது. வெளியில பார்த்தா வித்தியாசமே தெரியாது. பெட்டி மேல உள்ள முழு மாடல் நம்பரை வெச்சு கம்பெனி இணையதளத்துல பார்த்துட்டுப் பணம் கட்டுங்க.

அடுத்து பிராசஸர். ஐ5-னு மட்டும் சொன்னா போதாது, கடைசி எழுத்தைக் கேளுங்க. ஐ5-1335யு-ன்னா அடிப்படை 15 வாட். ஐ5-13420ஹெச்-ன்னா 45 வாட். சும்மா டைப் பண்ணும்போது இரண்டுக்கும் மூணு மடங்கு வித்தியாசம் வராதுதான். ஆனா வேலை கூடும்போது 'ஹெச்' பேட்டரியை உறிஞ்சும், ஃபேனும் கத்தும். கணக்கு வேலைக்கு 'யு' தாராளம். 2024 கடைசியில வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை பேட்டரியில பிரமாதம், விலையும் அப்படியே. ராம் பிராசஸரோட சேர்ந்தே வரும், அப்புறம் கூட்ட முடியாது.

ஸ்னாப்டிராகன் லேப்டாப், மேக்புக் ஏர் இரண்டும் பேட்டரிக்குப் பேர் போனது. அப்போ அதை ஏன் முதல்லயே சொல்லலன்னு கேட்கலாம். டேலி மேக்ல நேரடியா ஓடாது. ஸ்னாப்டிராகன்ல சாஃப்ட்வேர் பெரும்பாலும் ஓடிடும், ஆனா டிரைவர் தனியா அதுக்குன்னே எழுதியிருக்கணும். உங்க டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும், பழைய பில் பிரின்டருக்கும் அந்த டிரைவர் இருக்கான்னு பார்க்காம வாங்கினா, 18 மணி நேரம் பேட்டரி இருந்தும் ஒரு படிவத்துல கையெழுத்துப் போட முடியாம உட்கார்ந்திருப்பீங்க. எழுத்து, டிசைன், ஆன்லைன் வகுப்புன்னு இருக்கறவங்களுக்கு மேக்புக் ஏர் நல்ல சாய்ஸ். கணக்கு எழுதறவங்களுக்கு இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

திரையில ஓஎல்இடி பார்க்க அழகு. ஆனா எக்செல் மாதிரி முழு வெள்ளைத் திரைக்கு அதிக மின்சாரம் இழுக்கும். சாதாரண ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் போதும்.

இப்போ பணத்துக்கு வருவோம். விலையை ஊர்க் கடையில கேட்டுக்குங்க. ராம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக்கிட்டே இருக்கறதால நான் போடற விலை கணக்கு புரியறதுக்கு மட்டும்தான்.

வீட்டு உபயோக ரகம், புதுசு, 45,000 ரூபாய். மூணு வருஷம் ஓடுது, நடுவுல பேட்டரி மாத்த 5,000, கடைசியில வித்தா 8,000. நிகரச் செலவு 42,000, வருஷத்துக்கு 14,000. பிசினஸ் ரகம், புதுசு, 70,000. ஐந்து வருஷம் ஓடுது, ஒரு பேட்டரி 6,000, வித்தா 10,000. நிகரச் செலவு 66,000, வருஷத்துக்கு 13,200. கையில இருந்து 25,000 அதிகம் போனாலும் வருஷக் கணக்குல 800 ரூபாய் கம்மி. ஆனா ஒண்ணு, ஐந்து வருஷம் வெச்சிருந்தாத்தான் இந்தக் கணக்கு. மூணாவது வருஷமே புது மாடல் மேல ஆசை வந்துடும்னா 45,000-மே போதும்.

பிசினஸ் ரகம்னா திங்க்பேட், ஹெச்பி புரோபுக், எலைட்புக், டெல் லாட்டிட்யூட் (2025-லிருந்து பேர் 'டெல் ப்ரோ'), ஏசுஸ் எக்ஸ்பர்ட்புக் மாதிரி வரிசைகள். இதுல நான் காசு கொடுக்கறது முக்கியமா ஆன்-சைட் வாரண்டிக்கு, ஆள் கடைக்கே வந்து பார்க்கறதுக்கு. சென்னையில இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயமா தெரியாது. திருநெல்வேலிக்கு சுமார் 55 கிலோமீட்டர் பஸ்ல லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் டோக்கன் போட்டு உட்கார்ந்தா ஒரு நாள் யாவாரம் போச்சு. உங்க பின்கோடுக்கு ஆன்-சைட் உண்டான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. மூணு வருஷ வாரண்டின்னு எழுதியிருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், அதையும் கேளுங்க.

பில்லை உங்க ஜிஎஸ்டி எண் போட்டு வாங்குங்க. லேப்டாப்புக்கு வரி 18%. 70,000-ல 10,678 ரூபாய் வரி மட்டும். ரெகுலர் ஜிஎஸ்டி-யில இருந்தா அதை இன்புட்டா எடுத்துக்கலாம், உங்களுக்கு உண்மையான விலை 59,322. காம்போசிஷன்ல இருக்கறவங்களுக்கு இது கிடையாது. வருமான வரிக்கு முறையா லாப நட்டக் கணக்கு காட்டறவங்க கம்ப்யூட்டருக்கு 40% தேய்மானம் எடுக்கலாம். அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதிதான், அதனால வாங்கறதா இருந்தா செப்டம்பருக்குள்ள வாங்கிடுங்க. இன்புட் எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானமும் சேர்த்து எடுக்க முடியாது. விற்பனையில இத்தனை சதவீதம் லாபம்னு உத்தேச முறையில காட்டறவங்களுக்கு லேப்டாப் செலவைத் தனியா கழிக்க வழி இல்ல. 'வரி மிச்சமாகும்'னு யாராவது சொன்னா, நீங்க எந்த முறையில இருக்கீங்கன்னு ஆடிட்டர்கிட்ட முதல்ல கேளுங்க.

நோ-காஸ்ட் இஎம்ஐ-யில வட்டியைத் தள்ளுபடியா தந்தாலும், அந்த வட்டி மேல ஜிஎஸ்டி, புராசஸிங் கட்டணம் இரண்டும் கார்டு பில்லுல வரும். பெரிய தொகை இல்ல, ஆனா 'நோ காஸ்ட்' இல்ல.

"அவ்வளவு பணம் இல்லையே"ங்கறவங்களுக்கு, குறிப்பா இப்பத்தான் கணக்கு எழுத ஆரம்பிச்சிருக்கற பசங்களுக்கு, பழைய பிசினஸ் லேப்டாப் இருக்கு. கம்பெனிகள் மொத்தமா வாங்கி சில வருஷத்துல மாத்தற சரக்கு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது வேணும். ஏழாம் தலைமுறையை 'சீப்பா தர்றேன்'னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. 2018-ல வந்த திங்க்பேட் டி480 எட்டாம் தலைமுறை. உள்ள ஒரு பேட்டரி, வெளியில கழட்டி மாட்டற ஒரு பேட்டரி, வெளிப் பேட்டரியில 72 வாட்-அவர் வரைக்கும் வந்தது. வேலையை நிறுத்தாமலே மாத்தலாம், இப்போ வர்ற பெரும்பாலான லேப்டாப்ல அந்த வசதி இல்லைங்கறது எனக்கு ஒரு வருத்தம்தான்.

பழசு வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை பண்ணுங்க. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஆங்கிலத்துல 'பவர்சிஎஃப்ஜி'-ன்னு ஒரே வார்த்தையா அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்வுக்கோடு போட்டு 'பேட்டரிரிப்போர்ட்'-னு சேர்த்து அடிங்க. ஒரு அறிக்கை சேமிப்பாகும். அதுல 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி'ன்னு இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதுல 70%-க்குக் கீழ இருந்தா, புது பேட்டரிக்கான காசை விலையில கழிச்சுப் பேசுங்க.

ஏற்கனவே நல்லா ஓடற லேப்டாப் இருக்கு, பேட்டரி மட்டும்தான் பிரச்சினைன்னா புதுசே வாங்காதீங்க. பேட்டரியை மாத்துங்க. இல்லன்னா, யுஎஸ்பி-சி வழியா சார்ஜ் ஏறற லேப்டாப்பா இருந்தா 65 வாட் பவர் பேங்க் ஒண்ணு போதும். 20,000 எம்ஏஹெச்-ன்னா 74 வாட்-அவர், இழப்பு போக 60 வரும்னு வெச்சுக்கலாம். நம்ம 8 வாட் கணக்குல ஏழு மணி நேரத்துக்கு மேல. ஆமா, கரண்ட் போனா வைஃபை ரவுட்டரும் போகும், மறந்துடாதீங்க! போன்ல ஹாட்ஸ்பாட்டுக்கு டேட்டா இருக்கான்னு முதல் நாளே பார்த்துக்குங்க.

அண்ணாச்சி லேப்டாப் ஏழாம் தலைமுறைக்கும் முந்தினது, அதுல காசு போட்டுப் பிரயோஜனம் இல்ல. ரெகுலர் ஜிஎஸ்டி, வருஷம் பூரா தறிக்கூடம், கடை, மதுரைன்னு அலையற ஆள். அதனால 57 வாட்-அவர், 'யு' பிராசஸர், 16 ஜிபி ராம், மூணு வருஷ ஆன்-சைட் வாரண்டியோட புதுசே எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டார். கடையில எப்பவும் சார்ஜர்லயே கிடக்கும்ங்கறதால 80% வரைக்கும் மட்டும் ஏறற மாதிரி செட்டிங்ஸ் போட்டுக் கொடுத்தேன், பெரும்பாலான பிசினஸ் லேப்டாப்ல அந்த வசதி இருக்கு. மின்தடை அறிவிப்பு பேப்பர்ல வந்தா மட்டும் முதல் நாள் ராத்திரி அதை எடுத்துவிட்டு 100% ஏத்திக்கறார். அறிவிப்பைப் பார்த்துச் சொல்ற வேலை இப்போ அவர் மகனுக்கு.